யாழ்ப்பாணத்துக்குரிய யாழ் எது?

பழைய மண்டலின் ஒன்று அசல்தானா என்று பார்க்க வருபவர் முதலில் அதன் ஒலித்துளை வழியே உள்ளே எட்டிப் பார்ப்பார். உள்ளே ஒட்டிய சீட்டு இருக்கும், தொடரிலக்கம் இருக்கும், சிலவேளை கையொப்பமும் இருக்கும். அமெரிக்காவின் கிப்சன் கம்பனியில் லாயிட் லோர் என்பவர் 1922 முதல் 1924 வரை கையொப்பமும் திகதியும் இட்ட மண்டலின்கள் இன்று பெருவிலைக்குப் போகின்றன. ஆகவே போலிகளும் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் சீட்டை மட்டும் நம்ப மாட்டார்கள். மரம், பசை, மெருகு, இலக்கம், கையெழுத்து எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்ப்பார்கள். சீட்டைக் கிழித்து வேறொன்றை ஒட்டலாம். ஒன்றையொன்று அறியாத ஐந்து சாட்சிகளையும் ஒருசேர மாற்றுவது கடினம்.

இந்த முறையை நான் கையாள வேண்டி வந்தது யாழுக்கு. யாழில் ஒட்டிய சீட்டும் இல்லை, ஒலித்துளைக்குள் பார்க்கக் கருவியும் இல்லை. மரமும் தோலும் நரம்பும் நம் வெக்கையிலும் ஈரத்திலும் நிலைப்பவை அல்ல. சங்ககாலப் பாணர் மீட்டிய யாழ் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் யாழின் படத்துக்குப் பஞ்சமில்லை. பாடசாலை விழா மலர்களின் அட்டையில், கலைமன்றங்களின் இலச்சினையில், மேடைத் திரையில், கடைப் பலகையில், திருமண அழைப்பிதழில்கூட யாழ் இருக்கிறது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் அவை ஒரே கருவியின் படங்கள் அல்ல என்பது உடனே தெரியும்.

ஒரு வகையில் யாழ் வில்போல் வளைந்து ஒரு பக்கம் திறந்து நிற்கும். இன்னொரு வகையில் முன்பக்கம் ஒரு தூண் எழுந்து முக்கோணச் சட்டமாக மூடிக்கொள்ளும். மூன்றாவது வகையில் இரண்டு கொம்புகள் மேலெழ, அவற்றைக் குறுக்குச் சட்டம் ஒன்று இணைக்கும். இவற்றுக்கு அப்பால், யாழ் என்பது வீணையேதான் என்று வீணையைக் கீறி விடுபவர்களும் உண்டு. நான்கும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. தன் பெயரிலேயே யாழைத் தாங்கிய ஊர் எந்த யாழைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டும்? அதைக் கண்டுபிடிப்பதே இந்தத் தேடல்.

ஊரின் கதை சொல்வதும் சொல்லாததும்

முதலில் ஊரின் சொந்த ஆவணங்களிடம் போனேன். ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில், மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை யாழ்பாடியின் கதையைச் சொல்கிறது. கண்பார்வையற்ற யாழ்பாடி ஒருவர் அரசன் முன் யாழ் மீட்டிப் பாடி, பரிசிலாக மணற்பாங்கான இந்த நிலத்தைப் பெற்றார் என்பது கதை. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1879இல் இந்நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு அந்தக் கதை கடல் கடந்தும் பரவியது.

ஒரு கருவியின் வடிவத்துக்கு இந்தக் கதை சாட்சியாகுமா? இரண்டு காரணங்களால் ஆகாது. முதலாவது, காலம். 15ஆம் நூற்றாண்டிலேயே அருணகிரிநாதர் திருப்புகழில் யாழ்ப்பாணப் பட்டினத்து முருகனைப் பாடிவிட்டார். அதே நூற்றாண்டுச் சிங்களத் தூது நூலான கோகில சந்தேசய இவ்வூரை யாப்பாபட்டுன என்கிறது. பெயர் வழங்கத் தொடங்கி ஏறக்குறைய 3 நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நூல் வைபவமாலை. இரண்டாவது, உள்ளடக்கம். யாழ்பாடி பாடினார் என்று சொல்லும் கதை அவர் கையில் இருந்த கருவிக்கு எத்தனை நரம்பு, அதன் உடல் எப்படி, நரம்பைத் தாங்கும் கோடு எப்படி என்று சொல்வதில்லை. கருவியின் மேல் ஒட்டிய சீட்டுப் போன்றது இந்தக் கதை. அது பெருமைக்குரியது, போற்றிக் காக்க வேண்டியது. ஆனால் உள்ளே இருக்கும் மரத்தைப் பற்றி அது எதுவும் பேசாது.

ஊரின் ஆவணங்களைத் தேடும் எவரும் இங்கே ஒரு வெற்றிடத்தில் கால் வைக்காமல் போக முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. உள்ளூர் இசைமரபு பற்றிய எந்தக் கேள்வியும் அந்தச் சாம்பலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், 2005 முதல் ஈழத்து அச்சு நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம், தனியார் வீட்டு அலுமாரிகள் என்று பிரிந்து கிடப்பவற்றைக் கோத்துத்தான் நானும் வாசித்தேன். அதிலே ஓர் ஆறுதலும் உண்டு. யாழைப் பற்றி முக்கியமாகச் சாட்சி சொல்லும் நூல்களை அச்சேற்றி உலகுக்குத் தந்த பணியில் குடாநாட்டுக்கு மூத்த பங்கு இருக்கிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அந்த வழியில் உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். அந்த இரண்டு பதிப்புகளும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வழியே இருந்திராது.

முதற்சாட்சி: கருவியைப் பார்த்துப் பாடியவர்கள்

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை உறுப்புறுப்பாக வருணிக்கிறார். அந்த வருணனையை ஒரு தச்சனுக்குக் கொடுத்த அளவுக்குறிப்பாகவே வாசிக்கலாம். மானின் குளம்பு மண்ணில் பதிந்ததுபோல் நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர், அதாவது ஒலிப்பெட்டி. அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் இழுத்துப் போர்த்திய தோல். தோலைப் பிடிக்கும் ஆணிகள் நண்டின் கண் அளவு. எட்டாம் நாட் பிறைபோல் ஒரு வாய். தலையெடுத்த பாம்புபோல் ஓங்கிய கரிய கோடு. அந்தக் கோட்டில், பெண்ணின் முன்கையில் வளையல்கள் நெருங்கி நிற்பதுபோல், நரம்புகளைக் கட்டும் வார்க்கட்டுகள்.

இதில் என்ன இல்லை என்பதும் எனக்குச் சாட்சிதான். பத்தரைச் சொன்னவர், தோலைச் சொன்னவர், நண்டுக் கண் அளவான ஆணியைக்கூட விடாதவர், முன்பக்கம் எழும் தூணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு கொம்புகளும் குறுக்குச் சட்டமும் அங்கே இல்லை. எழுந்து நிற்பது ஒரே கோடு. அது படமெடுத்த பாம்புபோல் வளைந்தது. நம் சுவரொட்டிகளில் அடிக்கடி வரும் மயில் தலையும் அந்த வருணனையில் இல்லை.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் எளிய ஒரு சாட்சியைத் தருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதிலே ஆடு மாடு மேய்க்கும் ஓர் இடையனைக் காட்டுகிறார். அவன் உட்டுளை கொண்ட குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். மேய்ச்சல் நிலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு ஒருவன் செய்யும் கருவி, அரசவைக் கருவியின் எலும்புக்கூடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. வளைந்த ஒரு கொம்பு, அதன் குறுக்கே வெவ்வேறு நீளத்தில் நரம்புகள். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டாம் சாட்சி: கல்லும் பொன்னும்

பாட்டு ஒன்று சொன்னால் போதாது. பாட்டை அறியாத இன்னொருவரும் அதையே சொல்ல வேண்டும். அந்தச் சாட்சியைத் தேடித் தந்தவர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேர்கொண்ட குடும்பத்தின் பிள்ளை, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன், ஆனந்த குமாரசுவாமி. பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய காலத்தில், 1930இல், அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் பழைய வீணையின் உறுப்புகள் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். பௌத்த நூல்களில் வரும் உறுப்புப் பெயர்களையும் பழஞ்சிற்பங்களையும் அருகருகே வைத்துப் பார்த்து, பழைய இந்தியாவில் வீணை என்று வழங்கியது இன்றைய வீணை அல்ல, வில்வடிவான திறந்த நரம்புக்கருவி என்று அவர் நிறுவினார். முன்தூண் இல்லை, மெட்டும் இல்லை.

இதை நம் கண்ணால் பார்ப்பது எளிது. அமராவதிப் புடைப்புச் சிற்பங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மடியில் படகு போன்ற உடலை வைத்து, மேலே வளையும் கோட்டிலிருந்து இறங்கும் நரம்புகளை மீட்டுபவர்களை அச்சிற்பங்களில் காணலாம். 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் வெளியிட்ட பொற்காசு ஒன்றில், அரசனே இருக்கையில் அமர்ந்து அதே வகைக் கருவியை மடியில் வைத்து வாசிக்கிறான். சங்கப் புலவர் பாடிய கோடும் ஆந்திரத்துச் சிற்பியின் கோடும் கங்கைக்கரை நாணயத்தின் கோடும் ஒரே வளைவில் போகின்றன. இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவர்களோ செதுக்கியவர்களோ அல்லர்.

இந்தக் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் உறவும் ஒன்று உண்டு. மியன்மாரின் சௌங் என்னும் கருவியைப் பாருங்கள். படகு வடிவான உடல், அதன்மேல் மான் தோல், ஒரு பக்கம் எழுந்து வளையும் கோடு, மரபு முறையில் கோட்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டிய நரம்புகள். பொருநராற்றுப்படையின் வருணனையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கருவியின் முன் நின்றால், வளையல் போன்ற கட்டுகள் எவை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் சாட்சி: இசைக்கணக்கு

கருவி அழிந்தாலும் அதில் வாசித்த இசையின் இலக்கணம் அழியாமல் இருந்தால், அந்த இலக்கணத்திலேயே கருவியின் கைரேகை பதிந்திருக்கும். இந்தத் தேடலில் என்னை முழுவதுமாக மனம் மாற்றிய சாட்சி இதுவே. அந்த வழியைத் திறந்தவர் சுவாமி விபுலானந்தர்.

1892இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்த அவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். பிறகு துறவு பூண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். இலக்கியத்தையும் இயற்பியலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பயிற்சி அவருக்கு இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் சில அடிகளுக்குள் சுருங்கிக் கிடந்த யாழாசிரியனின் இலக்கணத்தை விரித்து அவர் எழுதியதே யாழ் நூல். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவரது ஆய்வின் வழியே செய்த கருவிகளை அங்கே க. பொ. சிவானந்தம் மீட்டினார். அடுத்த மாதம் 19ஆம் திகதி அடிகளார் மறைந்தார். ஆனந்த குமாரசுவாமியும் அதே ஆண்டில் மறைந்தார்.

யாழ் நூலின் ஓர் இயலுக்குப் பெயர் பாலைத்திரிபியல். பழந்தமிழ் இசையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகள். குரலையே அடிச்சுரமாகக் கொண்டால் செம்பாலை. துத்தத்தை அடிச்சுரமாகக் கொண்டால் படுமலைப்பாலை. இப்படி ஒவ்வொரு நரம்பிலிருந்தும் தொடங்க, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழு பாலைகள் பிறக்கும். செம்பாலையை இன்றைய அரிகாம்போதி என்று கொண்டால், அதே நரம்புகளைத் தொடாமலே, தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றி, நடபைரவி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி என்று வரிசையாகப் பெறலாம். செவ்வழிப்பாலை மட்டும் பஞ்சமம் இல்லாமல் வரும்.

இது திறந்த நரம்புகளின் சிந்தனை. மெட்டுள்ள வீணையில் ஒரு நரம்பிலேயே எல்லாச் சுரங்களும் கிடைக்கும். விரல்தான் இடம் மாறும். அங்கே அடிநரம்பின் சுருதி அசையாமல் நிற்க, மற்றச் சுரங்கள் மாறுகின்றன. பாலைத் திரிபில் நடப்பது அதற்கு நேர்மாறு. நரம்புகள் எல்லாம் அப்படியே நிற்க, அடிச்சுரம் நகர்கிறது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு உள்ள கருவியை மடியில் வைத்திருப்பவனுக்கே இந்த வழி இயல்பாகத் தோன்றும்.

நரம்புகளின் எண்ணிக்கையை எடுத்துப் பார்த்தபோது கணக்கு இன்னும் இறுகியது. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்கிறார். மாதவியின் அரங்கேற்றத்தில் யாழாசிரியன் பண்ணமைத்தது 14 நரம்புகளில். ஏன் 14? ஏழு நரம்புகளில் எதிலிருந்து தொடங்கினாலும், ஒரு முழு வட்டம் ஏறி அதே சுரத்தின் மேல்நிலையில் போய் முடிய வேண்டும். முதல் நரம்பில் தொடங்கினால் 8ஆவதில் முடியும். 7ஆவதில் தொடங்கினால் 14ஆவதில் முடியும். ஏழு பாலைகளும் குறைவின்றி ஒலிக்கத் திறந்த நரம்புகள் 14 வேண்டும்; அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. 21 என்றால் மெலிவு, சமன், வலிவு என்ற மூன்று நிலைக்கும் ஏழேழு. மெட்டுள்ள கருவிக்கு இத்தனை நரம்பு ஒருபோதும் தேவையில்லை.

மகரயாழின் 19 இந்தக் கணக்கில் அடங்காது. செங்கோட்டியாழின் 7 இதற்கு வெளியே நிற்பது வேறு காரணத்தால். ஏழு திறந்த நரம்புகளில் ஏழு பாலைகளை முழு வட்டமாக வாசிக்க முடியாது. ஆகவே அதன் கோடு நேரானது, நரம்பை அழுத்தி வாசிக்க இடம் தந்தது, வீணையின் முன்னோடி அதுவே என்று கருதுவோரின் பக்கம் நியாயம் இருக்கிறது. யாழ்தான் வீணை என்று சொல்பவர்களின் வாதத்தில் உண்மை அவ்வளவுதான். யாழ்க் குடும்பத்தின் ஒரு கிளை வீணையை நோக்கிப் போயிருக்கலாம். பாணர் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போன யாழ் அந்தக் கிளை அல்ல.

கோயிலில் இருந்து இரண்டு குரல்கள்

யாழையும் வீணையையும் ஒன்றாக்குபவர்களுக்கு மறுமொழி நம் கோயில்களிலேயே ஒலிக்கிறது. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடிவதற்கு முன் குடாநாட்டின் சைவக் கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி பாடப்படும். மாணிக்கவாசகர் அதிலே இறைவன் முன் கூடி நிற்பவர்களை வகைப்படுத்தும்போது வீணை வாசிப்பவர்களையும் யாழ் வாசிப்பவர்களையும் தனித்தனியே சொல்கிறார். அவர் காலத்தில் இரண்டும் இரண்டு கருவிகள். இரண்டும் கண்முன் இருந்தன.

மற்றக் குரல் பெரியபுராணத்தில் வருகிறது. ஞானசம்பந்தரோடு ஊர் ஊராகச் சென்று அவர் பதிகங்களை யாழில் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், தருமபுரத்தில் ஒரு பதிகத்தைத் தம் யாழில் அடக்க முடியாமல் அதை முறிக்கத் துணிந்தார் என்கிறார் சேக்கிழார். பக்திக் கதையாகவே இதை எடுத்துக்கொண்டாலும், கதை சொல்பவர் மனத்தில் இருந்த கருவி எது என்று கேட்கலாம். மிடற்றின் குழைவையும் இழைவையும் தொடர முடியாத கருவி அது. மெட்டின் மேல் நரம்பை இழுத்து வளைக்கும் வீணைக்கு அந்தத் தோல்வி வராது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று கட்டிய கருவிக்கு வரும். குழைவு நிறைந்த பாட்டு பெருகப் பெருகத் திறந்த நரம்புக் கருவி ஏன் பின்வாங்கியது என்பதற்கும் இதிலே ஒரு காரணம் கிடைக்கிறது.

பொறியியலும் இதையே சொல்கிறது. முன்தூண் இல்லாத வளைந்த கோட்டில் நரம்பை மிகை இறுக்கமாகக் கட்டினால் கோடு உடலை நோக்கி வளையும், அல்லது முறியும். ஆகவே இறுக்கம் குறைவு, ஓசையும் மெல்லியது. நாகசுரமும் தவிலும் முழங்கும் கோயில் வீதியில் அந்த ஓசை எடுபடாது. ஐரோப்பாவில் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் முன்தூண். அது இறுக்கத்தைத் தாங்கியது. அங்கே கருவி பெரிதாக வளர்ந்தது. இங்கே அந்த மாற்றம் நடக்கவில்லை. மெட்டு வைத்த வீணை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

அந்நிய வடிவங்கள் வந்த வழி

அப்படியானால் முக்கோணச் சட்டமும் இரட்டைக் கொம்பும் நம் சுவர்களுக்கு எப்படி வந்தன? யாழ்ப்பாண நகரில் நெடுங்காலமாகப் பெயர்ப்பலகை எழுதிவரும் ஓவியர் ஒருவரிடம் கேட்டேன்.

“முந்தி அச்சுக்கூடங்களில படப் புளொக்குகள் கிடக்கும், ஐயா. சங்கீதக் கச்சேரி நோட்டீஸ் எண்டால் அதில ஒண்டை எடுத்து வைப்பினம். அதைப் பாத்துத்தான் நாங்கள் கீறப் பழகினனாங்கள். ஆர் கேட்டது, இது எந்த நாட்டு யாழ் எண்டு?”

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரியான படத்தைத் தாங்கோ, அப்பிடியே கீறித்தாறன்” என்றார்.

அவர் சொன்னதில் வழி தெளிவாகத் தெரிகிறது. இரட்டைக் கொம்புக் கருவி கிரேக்கரின் லயர். ஐரோப்பிய அச்சுலகில் அது இசையின் பொதுச் சின்னம்; அச்சகங்களுக்கு விற்ற அலங்காரப் புளொக்குகளில் அது வழமையான ஒன்று. முன்தூண் கொண்டது ஐரோப்பிய ஹார்ப். வேதாகமப் படங்களில் தாவீது அரசன் கையில் ஓவியர்கள் கொடுத்த கருவியும் அதுவே. அச்சும் மிஷன் பாடசாலையும் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிய குடாநாட்டில், இசை என்றதும் கைக்கு எட்டிய படங்கள் இவை. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பழைய நூல்கள் அச்சேறிப் பரவும் முன்னரே வடிவம் ஒன்று தேவைப்பட்டது, கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பத்துப்பாட்டு அச்சேறி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்ட இன்று, யாழ் நூலையும் கையில் வைத்துக்கொண்டு, லயரைக் கீறி யாழ் என்று எழுதுவதற்கு நியாயம் இல்லை.

தீர்ப்பும் கடமையும்

சங்கப் பாட்டு, சிற்பமும் காசும், பாலைக் கணக்கு, தேவார திருவாசக மரபு, மரத்தின் பொறியியல். இந்த ஐந்தும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையில் இருந்து வந்தவை. ஐந்தும் ஒரே கருவியைக் காட்டுகின்றன. தோல் போர்த்த பத்தர், அதிலிருந்து எழுந்து வளையும் ஒரே கோடு, கோட்டில் வார்க்கட்டுகள், திறந்த நரம்புகள், முன்பக்கம் வெறுமை. அதுவே யாழ். முன்தூண் உள்ள படமும் இரட்டைக் கொம்புப் படமும் யாழ் அல்ல.

புதிதாகச் செய்பவற்றையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் ஒலித்தவை மீட்டுருவாக்கங்கள். சென்னையில் தருண் சேகர் தமது உரு பாணர் பட்டறையில் அண்மைக் காலமாகச் செய்துவரும் யாழ்களும் மீட்டுருவாக்கங்களே. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன், ஏனென்றால் கையில் எடுத்து மீட்டிப் பார்த்தால்தான் பாலைத் திரிபு செவிக்குப் புரியும். ஆனால் இன்று செய்த கருவியை இரண்டாயிரம் ஆண்டுப் பழைய யாழ் என்று விளம்பரம் செய்யும்போதுதான் போலி பிறக்கிறது. என்ன மரம், எந்த நூலின் அளவு, எது செய்தவரின் ஊகம் என்று கூடவே எழுதி வைத்தால், அந்தக் கருவி அதன் அளவில் அசலாகவே இருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்கும் நகரத்துக்கும் நான் முன்வைப்பது இதுதான். இனி அச்சிடும் ஒவ்வொரு யாழ்ப் படத்தின் கீழும், அது எந்தச் சான்றைப் பார்த்துக் கீறியது என்று ஒரு வரி எழுதுங்கள்: பொருநராற்றுப்படை வருணனை, அமராவதிச் சிற்பம், யாழ் நூல் வரைபடம், எதுவாயினும் சரி. சங்கீதம் கற்பிக்கும் வகுப்பில் ஒரு நாளாவது 14 நரம்பு கட்டிய எளிய வில்யாழை மாணவர் கையில் கொடுத்து, நரம்பைத் தொடாமல் தொடங்கும் இடத்தை மட்டும் மாற்றி அரிகாம்போதியிலிருந்து கல்யாணிக்குப் போகச் சொல்லுங்கள். அதற்குப் பெரும் செலவில்லை. வளைந்த நல்ல மரமும் பொறுமையும் போதும். பெயரில் யாழைச் சுமக்கும் ஊரின் பிள்ளைகள், லயரை எங்கே கண்டாலும் இது எங்கள் யாழ் இல்லை என்று காரணத்தோடு சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்.